ஆய்வுகூட இறைச்சி

விலங்கை அறுக்காமல், அதன் உடலிலிருந்து சிறிதளவு கலங்களை எடுத்துத் தாங்கிகளில் பெருக்கி ஆக்கும் இறைச்சி. நெஞ்சுக்கும் சிறகுக்குமாக முழுக் கோழியை வளர்க்கும் வழக்கம் ஐம்பது ஆண்டில் ஒழியும் என்று 1931இல் வின்ஸ்டன் சேர்ச்சில் எழுதினார். கணக்குப் பிழைத்தது. மாஸ்திரிக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் போஸ்ட் உருவாக்கிய மாட்டிறைச்சி பேர்கர் இலண்டனில் பொரிக்கப்பட்டது 2013 ஆகஸ்ட் 5ஆம் திகதி. அந்த ஒன்றுக்கு மட்டும் ஆன செலவு 250,000 யூரோ.

சிறிதாகச் செய்வது கைகூடிவிட்டது. தொன் கணக்கில் செய்வதுதான் இன்றுவரை சிக்கல். முதற் சிக்கல் கிருமி. கித்துள் மரத்தில் முட்டியைக் கட்டிவிட்டால் பதநீர் நுண்ணுயிரால் தானாகவே புளித்துக் கள்ளாகும். நுண்ணுயிருக்கு அவ்வளவு வேகம்: சில பற்றீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கும், விலங்குக் கலமோ ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். ஒரேயொரு கிருமி நுழைந்தாலும் தாங்கி முழுவதும் பாழ். ஆகவே சாப்பாட்டுச் சாமானை மருந்துத் தொழிற்சாலையின் சுத்தத்தோடு செய்யவேண்டியிருக்கிறது. விலை ஏறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். பெரிய தாங்கியில் ஒட்சிசன் எங்கும் பரவ வேகமாகக் கலக்க வேண்டும்; கலச்சுவர் இல்லாத விலங்குக் கலம் அந்தக் கலக்கலில் சிதையும். குருதிக்குழாய் இல்லாததால் தடித்த துண்டின் நடுப்பகுதிக்கு உணவு எட்டாது. அரைத்த இறைச்சி எளிது, துண்டு இறைச்சி கடினம் என்பது இதனால்தான். கலங்களுக்கு ஊட்டமாகத் தொடக்கத்தில் பயன்பட்டது, அறுக்கப்பட்ட சினைப்பசுவின் வயிற்றுக் கன்றிலிருந்து எடுத்த சீரம். அறுக்காத இறைச்சி என்ற பேச்சுக்கே இது இழுக்கு. சீரம் இல்லாத ஊடகங்கள் பின்னர் வந்தன.

புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் படித்த இதய நிபுணர் உமா வலேட்டி 2015இல் அமெரிக்காவில் இணைந்து தொடங்கிய நிறுவனமே இன்றைய அப்சைட் ஃபுட்ஸ். 2023 ஜூனில் கோழியிறைச்சி விற்க அதற்கு அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு இலினோய் மாநிலத்தில் அறிவித்த பெரிய ஆலையை 2024 தொடக்கத்திலேயே நிறுத்தி வைத்தது. 2024 ஜனவரியில் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், அறக்குளா, வௌவால் போன்ற மீன்களின் இறைச்சியை ஆய்வுகூடத்தில் வளர்க்க ஒரு தனியார் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்தது.

விற்பனைக்கு உலகில் முதன்முதலில் அனுமதித்த நாடு சிங்கப்பூர், 2020 டிசம்பரில். 2024இல் அங்கே ஓர் இறைச்சிக்கடையின் குளிர்பெட்டிக்கு வந்த 'குட் மீற் 3' பொதியில் வளர்த்த கோழிக் கலம் 3 வீதம். மிகுதியில் பெரும்பங்கு தாவரப் புரதம்.