ரயிலுக்கு நேரம் சொன்ன தூண்

எளாவூரிலிருந்து ரயிலேறிச் சென்னையைச் சுற்றிப் பார்க்கச் செல்வோர் சென்ட்ரல் கடிகாரக் கோபுரம், உயர்நீதிமன்றம், கலங்கரை விளக்கம் எல்லாம் கண்டு திரும்புகின்றனர். நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்துக் கருங்கல் தூணைக் கண்டவர் சிலரே. 1792-இல் அங்கு அமைந்த வானாய்வகத்தின் தொலைநோக்கியைத் தாங்கிய தூண் அது. தமிழ்க் கல்வெட்டும் அதில் உண்டு.

அவ்விடம் ஏறக்குறைய 80¼ பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ளது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. எனவே கிரீன்விச்சில் நண்பகல் 12 மணி என்றால் சென்னையில் மாலை 5.21. இந்தச் 'சென்னை நேர'த்தையே 1905 வரை இந்திய ரயில்கள் பெரும்பாலும் பின்பற்றின. பம்பாயின் உள்ளூர் நேரமோ சுமார் 30 நிமிடம் பின்தங்கியது. ஊர்க் கடிகாரத்தை நம்பி வந்த பயணி ரயிலைத் தவறவிட்டிருப்பார்!

1906-இல் 82½ பாகைக்குரிய இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. இரண்டுக்கும் வேறுபாடு 9 நிமிடம். எளாவூரில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள்: அதன் மிகக் குறுகிய நிழல், ஆண்டுச் சராசரியில், 12 மணி 9 நிமிட அளவில்தான் விழும். அடுத்த முறை சென்னை செல்லும்போது அந்தத் தூணையும் நினைவில் கொள்ளுங்கள்.