ஒப்பந்தத்தில் யார் பெயர்?

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழாயைத் திறந்து தண்ணீர் உப்பா என்று நாக்கில் வைத்துப் பார்ப்போம். கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்குமா, கரண்ட் மீட்டர் தனியா, மழைக்குத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் விசாரிப்போம். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, குளியலறை ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதுவரை பார்த்துவிடுவோம். இத்தனையும் பார்த்து வீடு பிடித்துப்போனபின், பத்திரத்தில் கையெழுத்துப் போட வீட்டு ஆண் வருவார். வீட்டைப் பார்ப்பவர் ஒருவர், குடியிருப்பவராகச் சட்டம் அறிந்திருப்பவர் இன்னொருவர்.

தமிழில் 'குடித்தனம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். குடும்பம் நடத்துவதும் குடித்தனம், வாடகைக்கு இருப்பதும் குடித்தனம். முதலாவது பெண்ணின் வேலை. இரண்டாவதில் 'குடித்தனக்காரர்' என்றால் ஆண். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனங்களில் ஒரே முற்றத்தையும் ஒரே குழாயையும் ஒரே கக்கூஸையும் பல குடும்பங்கள் பங்குபோட்டபோது, அந்தப் பங்கீட்டின் சண்டையும் சமாதானமும் பெண்களுடையவையாக இருந்தன. வாடகை ரசீது மட்டும் கணவர் பெயரில் வந்தது.

கணவர் இல்லாத பெண்ணுக்கு என்ன வழி? சகோதரி சுப்புலட்சுமி 1912இல் சென்னையில் இளம் விதவைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது கடற்கரையிலிருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் போனது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கிடங்கு அது. பிராமண விதவைகளுக்கு மட்டுமான இல்லம் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மற்ற சாதிப் பெண்களுக்கு அந்தக் கூரையும் இல்லை. பெண் தனியாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பாள் என்பதே அன்றைய நகரத்தின் கற்பனையில் இல்லை. ஒன்று குடும்பம், இல்லாவிட்டால் விடுதி.

சட்டம் என்ன செய்தது என்று பார்ப்போம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வீட்டுப் பஞ்சம் வந்தபோது, 1941இல் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு ஓர் ஆணையாக வந்தது. 1946இலும் 1949இலும் அது சட்டமானது. பிறகு வந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருந்தது. வீட்டுக்காரர் நினைத்தபோது காலி செய்யச் சொல்ல முடியாது, நியாய வாடகையை நிர்ணயிக்கக் கேட்கலாம் என்று அது நல்ல பாதுகாப்புகளைத் தந்தது. ஆனால் அதில் 'குடியிருப்பவர்' என்பதற்குத் தந்திருக்கும் விளக்கத்தை ஒரு பெண்ணாகப் படித்துப் பாருங்கள். வாடகைதாரர் இறந்துபோனால், அவரோடு அதே வீட்டில் வாழ்ந்துவந்த மனைவியோ கணவரோ பிள்ளைகளோ குடியிருப்பவர் ஆவார்கள் என்கிறது. கணவன் செத்தால் மனைவிக்கு இடமுண்டு. அவன் உயிரோடு கிளம்பிப் போய்விட்டால்? அந்த விளக்கத்தில் அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கைவிட்டுப் போகும் ஆணுக்கு இது எவ்வளவு வசதி என்று யோசியுங்கள். மனைவியை அடித்து விரட்ட வேண்டாம், பூட்டை மாற்ற வேண்டாம். வாடகை கட்டுவதை நிறுத்தினால் போதும். வீட்டுக்காரர் வழக்குப் போடுவார். நோட்டீஸ் கணவன் பெயருக்கு வரும். அவன் கோர்ட்டுக்குப் போகமாட்டான். எதிர்வாதம் இல்லாமலே வெளியேற்ற உத்தரவு கிடைக்கும். அவளையும் குழந்தைகளையும் தெருவில் நிறுத்துவது கோர்ட் அமீனாவின் கையாக இருக்கும்.

இப்படி ஒரு பெங்களூரு வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. கணவர் வாடகைதாரர், அவர் விட்டுப் போய்விட்டார், மனைவி அங்கேயே இருந்தார், வீட்டுக்காரர் காலி செய்யக் கேட்டார். 2005 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, திருமணம் நீடிக்கும்வரை கைவிடப்பட்ட மனைவி அந்த வழக்கில் தன்னைச் சேர்த்துக்கொண்டு வாதாடலாம் என்றது. கணவர் வழக்கை நடத்தாமல் விட்டுவிட்டார் என்று அவர் காட்ட வேண்டும், வாடகை உள்ளிட்ட பொறுப்புகளை ஏற்க வேண்டும். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த வழக்கில் மேல்முறையீடு செய்த பெண் தோற்றார். வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் இருவரும் சம்மதித்து விவாகரத்து வாங்கியிருந்தார்கள். மனைவி என்ற உறவு முடிந்ததும் வீட்டின் மீதான உரிமையும் முடிந்தது என்றது நீதிமன்றம். அவருடைய உரிமைக்கு அந்த உறவைத் தவிர வேறு ஆதாரம் இருக்கவில்லை.

அதே ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நிறைவேறி, 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது. இந்தியப் பெண்கள் இயக்கம் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது. சொந்த வீடானாலும் வாடகை வீடானாலும், பெயர் யாருடையதானாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்றது. வேறு வீடு பார்த்துத் தரவோ அதற்கு வாடகை கொடுக்கவோ ஆணுக்கு உத்தரவிடலாம் என்றது. ஆனால் அந்த உத்தரவுகள் கணவனையும் அவன் வீட்டாரையும் நோக்கியவை. வாடகை பாக்கி என்று ஹவுஸ் ஓனர் கேட்டால், அவரிடம் காட்ட நம் கையில் ஒரு காகிதம் வேண்டும்.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் தமிழ்நாட்டில் இப்போது 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டில் 'சும்மா பார்க்க வந்தேன்' என்று நுழைபவரிடம் இதைச் சொல்லலாம். ஆனால் எழுத்துக்கு இவ்வளவு மதிப்புத் தரும் சட்டத்தில், எழுத்தில் இல்லாதவரின் நிலை இன்னும் மோசம். சாதிக்காகவோ மதத்துக்காகவோ, கல்யாணமாகாதவள் என்பதற்காகவோ வீடு தர மறுப்பதை இந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

பெயர் சேர்ப்பது கடினமா என்றால், இல்லை. ஒரே பத்திரத்தில் இருவரும் வாடகைதாரர்களாகக் கையெழுத்திடத் தடை எதுவும் இல்லை. "எச்.ஆர்.ஏ.வுக்கு ரசீது வேண்டும், என் பெயரிலேயே இருக்கட்டும்" என்பது வழக்கமான பதில். இரண்டு பெயரில் ஒப்பந்தம் இருந்தாலும் அவரவர் கட்டும் வாடகைக்கு வரிக்கழிவு கேட்கலாம். ஒரு வேடிக்கை பாருங்கள். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர், வீட்டின் மூத்த பெண். அரிசி வாங்க அவள் தலைவி. அந்த அரிசியை வேகவைக்கும் வீட்டுக்கு அவள் யார் என்று ஒப்பந்தப் பத்திரத்தைக் கேட்டால் பதில் இல்லை.

அட்வான்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. சென்னையில் பத்து மாத வாடகை என்பது வழக்கமானது. புதிய சட்டம் மூன்று மாதம் என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதற்கும் இடம் விட்டிருக்கிறது. இந்தப் பெரிய தொகை பல வீடுகளில் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும்: அடகுக் கடைக்குப் போகும் அவளுடைய வளையல்களிலிருந்து. வீட்டைக் காலி செய்யும் நாளில் வீட்டுக்காரர் அந்தப் பணத்தை ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். அட்வான்ஸ் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போகட்டும், யார் தந்தது, யாரிடம் திரும்ப வரும் என்பது பத்திரத்தில் ஒரு வரியாக இருக்கட்டும். அடகுச் சீட்டு வைத்திருக்கும் பையிலேயே அதன் நகலையும் வைத்துக்கொள்ளலாம்.