இலவசமும் விடுதலையும்

'ஃப்ரீ' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் இரண்டு. விலையின்றிக் கிடைப்பதையும் அது குறிக்கும். கட்டின்றி இருப்பதையும் அது குறிக்கும். பல ஆண்டுகளுக்கு முன் 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்னும் தொடரைத் தமிழில் தரவேண்டிய பணி நமக்கு வந்தது. சற்றும் தயங்காமல் 'இலவச மென்பொருள்' என்று எழுதினோம். அடுத்த பக்கத்திலே, இம்மென்பொருளைப் படியெடுத்து விலைக்கு விற்கவும் எவருக்கும் உரிமை உண்டு என்றொரு வாக்கியம் எதிர்ப்பட்டது. இலவசப் பொருளை விலைக்கு விற்பது எங்ஙனம்? பக்கத்து மேசையில் அதே ஆவணத்தை இந்தியில் பெயர்த்துக்கொண்டிருந்த நண்பரும் அவ்விடத்தில் தடுமாறினார். அம்மொழியில் 'முஃப்த்' என்பது விலையில்லாதது. 'முக்த்' என்பது கட்டு நீங்கியது. அவர் முதற்சொல்லை அடித்து இரண்டாஞ் சொல்லை எழுதினார். நாமும் 'இலவச' என்பதை நீக்கிக் 'கட்டற்ற' என்று திருத்தினோம். அத்திருத்தத்துக்குப் பின்னே நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அதனை நேயர்களுக்குச் சுருக்கமாகக் கூற விரும்புகிறோம்.

கணினிக்குரிய கட்டளைகள் முதலில் மனிதர் படித்தறியக்கூடிய வடிவில் எழுதப்படுகின்றன. அதற்கு மூலநிரல் என்று பெயர். பின்னர் அது கணினி ஏற்கும் எண்களின் கோவையாக மாற்றப்படுகிறது. மூலநிரல் கையிலிருந்தால் மென்பொருள் என்ன செய்கிறது என்று சோதிக்கலாம், பிழையைத் திருத்தலாம். எண்கோவை மட்டும் இருந்தால் அதனைப் பயன்படுத்தலாமேயன்றி, உள்ளே நடப்பதை எளிதில் அறிய இயலாது. 1960-களிலும் 1970-களிலும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில், மூலநிரலைக் கேட்டவர்க்குக் கொடுப்பது இயல்பான வழக்கமாக இருந்தது. கணினி வாணிகம் பெருகியபின், நிறுவனங்கள் பல மூலநிரலை மறைத்து எண்கோவையை மட்டும் விற்கலாயின.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் பணிபுரிந்தார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், காத்திருப்போரின் கணினிகளுக்குச் செய்தி செல்லுமாறு அவர் அதன் நிரலைத் திருத்தியிருந்தார். புதிய அச்சுப்பொறி வந்தபோது மூலநிரல் உடன் வரவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதனை வைத்திருந்த ஆய்வாளரிடம் கேட்டார். எவருக்கும் கொடுப்பதில்லை என்று ஒப்புக்கொடுத்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். சிறு நிகழ்ச்சிதான், ஆயினும் அடுத்தவருக்கு உதவுவதையே குற்றமாக்கும் ஒரு வழக்கத்தை ஸ்டால்மன் அதிலே கண்டார்.

1983-ஆம் ஆண்டு செப்டம்பரில், எவரும் பயன்படுத்தவும், படித்து மாற்றவும், படியெடுத்து வழங்கவும், மாற்றியதைப் பிறர்க்கு அளிக்கவும் உரிமையுள்ள முழுமையான கணினி அமைப்பொன்றை உருவாக்கப்போவதாக அவர் அறிவித்தார். அதற்குக் 'குனூ' என்று பெயரிட்டார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தோன்றியது. 1989-இல் பொது உரிமம் என்னும் சட்ட ஆவணம் வெளிவந்தது. ஆக்கியோனுக்குப் பதிப்புரிமைச் சட்டம் தரும் அதிகாரத்தைக் கொண்டே, பெற்ற உரிமையைப் பிறர்க்கும் அவ்வாறே அளிக்கவேண்டும் என்று அது கட்டளையிட்டது. 1991-இல் ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், கணினியின் அடிப்படை இயக்கத்துக்குரிய லினக்ஸ் என்னும் நிரலை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதனை இப்பொது உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். இன்று நம் கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றை இயக்கும் ஆண்ட்ராய்டு அமைப்புக்கு அடித்தளம் லினக்ஸே. நமக்கு நேர்ந்த சொற்குழப்பம் ஆங்கிலேயரையும் அமெரிக்கரையும் விட்டுவைக்கவில்லை. அக்குழப்பத்தைத் தவிர்க்கும் நோக்கமும் சேர்ந்தே, 1998-இல் 'ஓப்பன் சோர்ஸ்', அஃதாவது திறந்த மூலம் என்னும் புதுத்தொடர் அமெரிக்காவில் படைக்கப்பட்டது.

இணையத்தின் வரலாறும் இவ்வாறே. 1983 சனவரி முதல் நாளன்று, அர்பாநெட் என்னும் அமெரிக்க வலையமைப்பு, இன்றும் வழக்கிலுள்ள பொதுவிதிகளுக்கு மாறியது. அவ்விதிகளைப் பின்பற்றும் எந்த வலையமைப்பும் மற்றவற்றோடு இணையலாம். யாவற்றுக்கும் நடுவே ஒரு தலைமைக் கணினி தேவையில்லை. 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர், சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வகத்தில் வைய விரிவு வலைக்குத் திட்டம் தந்தார். அக்காலத்தில் அதற்குப் போட்டியாகக் 'கோஃபர்' என்னும் அமைப்பு நன்கு பரவியிருந்தது. 1993-இன் தொடக்கத்தில், கோஃபரை உருவாக்கிய மினசோட்டா பல்கலைக்கழகம் வாணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணம் கேட்கப்போவதாக அறிவித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் செர்ன் ஆய்வகம் வலைக்குரிய நிரலைப் பொதுவுடைமையாக்கியது. கோஃபர் தேய்ந்தது, வலை உலகெங்கும் பரவியது. வேறு காரணங்களும் இதற்கு உண்டு எனினும், நாளை எவர் என்ன கேட்பாரோ என்ற அச்சமின்றி எவரும் கட்டியெழுப்பக்கூடிய நிலம் எது என்பதை மக்கள் கண்டுகொண்டனர்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்டு 15 அன்று. 2001-இல் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பெற்றது. கேரளத்து அரசுப் பள்ளிகள் கணினிக் கல்விக்குக் கட்டற்ற மென்பொருளையே மேற்கொண்டன. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் இந்திய மொழிகளுக்கேற்ற 'பாஸ்' என்னும் லினக்ஸ் அமைப்பை ஆக்கினர். 2015-இல் மத்திய அரசும், தன் அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் தரும் கொள்கையை வெளியிட்டது.

அதே ஆண்டில் 'இலவசம்', 'விடுதலை' என்னும் இரு சொற்களும் நம் நாட்டில் நேருக்குநேர் நின்றன. முகநூல் நிறுவனம், ஒரு தொலைபேசி நிறுவனத்துடன் சேர்ந்து, தேர்ந்தெடுத்த சில தளங்களைக் கட்டணமின்றிப் பார்க்கும் திட்டத்தை இங்குக் கொண்டுவந்தது. பின்னர் அதற்கு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயரிட்டது. இணையமே காணாத ஏழைக்கு ஒரு சிறிதாவது கிடைக்கட்டுமே என்று அதனை ஆதரித்தோர் வாதிட்டனர். அவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் பட்டியலில் எத்தளம் இடம்பெறும் என்பதற்கு விதி வகுப்பது ஒரு நிறுவனம். பட்டியலில் உள்ள கடைக்குச் செல்லக் காசு வேண்டாம், மற்றக் கடைக்குச் செல்லக் காசு வேண்டும் என்றால், சிறு வணிகனும் புதிய எழுத்தாளனும் நிற்குமிடம் எது? இவ்விவாதத்தையொட்டித் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் பொதுமக்கள் இலட்சக்கணக்கில் கடிதம் விடுத்தனர். 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்துக்கேற்பக் கட்டணத்தில் வேற்றுமை காட்டலாகாது என்று ஆணையம் விதி வகுத்தது. சில நாட்களில் அத்திட்டம் இந்தியாவினின்றும் விலக்கிக்கொள்ளப்பட்டது.

நிறுவனங்களின் பிடியினின்றும் இணையம் தப்பினால் மட்டும் போதாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு, பேச்சுரிமைக்கு மாறானது என்று 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் நீக்கிற்று. இணையத்தின் வழியே பேசுவதும் தொழில் புரிவதும் அரசியலமைப்பின் காப்புக்கு உட்பட்டவை என்றும், இணையத்தைக் காலவரையின்றி நிறுத்திவைத்தல் ஆகாது என்றும் 2020 சனவரி 10 அன்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி ஒரு செய்தி. வலை எவருக்கும் உரிமையின்றிப் பொதுவாக இருந்தும், மக்கள் உரையாடும் மன்றங்கள் சில நிறுவனங்களின் கைக்குள் சென்று சேர்ந்தன. விலை கேட்கப்படவில்லை, ஆதலால் தருவது ஏதுமில்லை என்று நாம் எண்ணினோம். மின்னஞ்சலை நோக்குக. எந்நிறுவனத்தில் முகவரி வைத்திருந்தாலும் வேறெந்த முகவரிக்கும் எழுதலாம். ஓர் ஊரில் அஞ்சலிட்ட கடிதம் மற்றோர் நாட்டு அஞ்சலகத்தால் கொண்டு சேர்க்கப்படுவதைப் போன்றது அது. உரையாடல் மன்றங்களையும் இவ்வாறு இணைத்தற்குரிய 'ஆக்டிவிட்டிபப்' என்னும் பொதுவிதி 2018-இல் ஏற்கப்பட்டது. அவ்விதியைக் கையாளும் மாஸ்டடான் என்னும் மென்பொருளைக் கொண்டு பல குழுவினர் தத்தம் மன்றத்தை நடத்துகின்றனர். 2019 நவம்பரில் டிவிட்டரோடு மனத்தாங்கல் கொண்ட இந்தியர் பலர் அங்குச் சென்றனர். இம்மன்றங்களுக்குக் குறைகளும் உண்டு. கணினிச் செலவை எவர் ஏற்பது, வசையையும் பொய்யையும் எவர் களைவது என்னும் கேள்விகளுக்கு ஒவ்வொரு குழுவும் தானே விடை காணவேண்டும். பிறர் கையில் விட்டுவைத்த பொறுப்பை நாமே ஏற்பதால் வரும் சிரமம் அது.

இவ்வரலாற்றில் ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒருவரோ ஒரு நிறுவனமோ, தமக்கென வைத்துக்கொள்ளத்தக்க ஒன்றைப் பொதுவுக்கு விட்டதைக் காண்கிறோம். அவ்வாறு விடப்பட்டதைக் காக்க, நீதிமன்றமும் ஆணையமும் கடிதம் எழுதிய எளிய மக்களும் தேவைப்பட்டனர். ஆங்கிலத்துக்கு ஒரு சொல்லே இருக்க, நம் மொழிக்கு இரண்டு உண்டு. இலவசமாக ஒன்று நீட்டப்படும்போது, அது கட்டற்றதும் ஆகுமா என்று கேட்கும் வாய்ப்பை அது நமக்குத் தருகிறது. அவ்வினாவைக் கேட்க மறவாதிருத்தல் நம் அனைவர்க்கும் கடனாகும்.