வீட்டுமனைத் தரகில் கிளையுரிமமும் தனித்தொழிலும்

வீட்டுமனைத் தரகு என்பது நிலம், மனை, வீடு, கடை போன்ற அசையாச் சொத்துகளை விற்போரையும் வாங்குவோரையும் இணைத்து, அதற்கு ஊதியம் பெறும் தொழில் ஆகும். வாடகைக்கு விடுவோரையும் எடுப்போரையும் இணைப்பதும் இதில் அடங்கும். இத்தொழிலை இரு வகையாக நடத்தலாம். தரகர் தம் சொந்தப் பெயரில், சொந்தப் பொறுப்பில் நடத்துவது தனித்தொழில். ஏற்கனவே அறிமுகமான ஒரு நிறுவனத்தின் பெயர், சின்னம், படிவங்கள், பயிற்சி ஆகியவற்றைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தி நடத்துவது கிளையுரிமம். பேச்சு வழக்கில் இது பிரான்சைஸ் என்றே அழைக்கப்படுகிறது. கிளையுரிமம் பெற்றவர் அந்நிறுவனத்தின் ஊழியர் அல்லர். அலுவலக வாடகை, ஆட்களின் சம்பளம், இலாப நட்டம் எல்லாம் அவருடையவையே.

இவ்விரண்டில் எது ஏற்றது என்பது இடத்தைப் பொறுத்தது. சென்னை அண்ணா நகரில் பொருந்தும் கணக்கு விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டத்தில் உள்ள அனந்தபுரம் பேரூராட்சியில் பொருந்துவதில்லை. இக்கட்டுரையில் செஞ்சி, அனந்தபுரம் வட்டாரம் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

கிளையுரிம முறையின் தோற்றம்

வீட்டுமனைத் தரகில் கிளையுரிம முறை ஐக்கிய அமெரிக்காவில் 1970களில் பரவியது. செஞ்சுரி 21 நிறுவனம் 1971இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. ரீ/மாக்ஸ் 1973இல் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரிலும், கெல்லர் வில்லியம்ஸ் 1983இல் டெக்சாசின் ஆஸ்டின் நகரிலும் தொடங்கின. இவற்றுள் ரீ/மாக்ஸ் வேறுபட்ட வழியைக் கையாண்டது. தரகுத் தொகையில் பெரும்பகுதியை அலுவலகம் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை மாற்றி, முகவர் மாதந்தோறும் ஒரு கட்டணத்தைச் செலுத்திவிட்டுத் தரகின் பெரும்பகுதியைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்றது.

அங்கு இம்முறை வேரூன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்க நகரங்களில் விற்பனைக்கு வரும் வீடுகளின் விவரத்தைத் தரகர்கள் ஒரு பொதுப் பட்டியலில் பகிர்ந்துகொள்கின்றனர். சிறிய தரகரும் பெரிய தரகரும் பார்ப்பது ஒரே பட்டியல். எல்லாரிடமும் ஒரே சரக்கு இருக்கும்போது கடையின் பெயர்ப்பலகைக்கு மதிப்புக் கூடுகிறது. வேலை மாற்றத்தால் புது ஊருக்குக் குடிவரும் குடும்பம், தான் அறிந்த பெயரைத் தேடிப் போகிறது.

இந்தியாவில் செஞ்சுரி 21, ரீ/மாக்ஸ் ஆகிய பெயர்களில் கிளையுரிம அலுவலகங்கள் ஏற்பட்டன. ஆனால் அமெரிக்காவில் உள்ளது போன்ற பொதுப் பட்டியல் இங்கு உருவாகவில்லை. அதன் இடத்தை ஓரளவுக்கு 2005இல் தொடங்கிய 99ஏக்கர்ஸ், 2006இல் தொடங்கிய மேஜிக்பிரிக்ஸ் போன்ற வலைத்தளங்கள் பிடித்துக்கொண்டன. அவற்றில் தனித் தரகரும் விளம்பரம் செய்யலாம் என்பதால், கிளையுரிமம் தரும் நிறுவனங்கள் விற்கும் வசதிகளில் ஒன்று இங்கு ஏறக்குறைய மலிவாகவே கிடைக்கிறது.

செஞ்சி வட்டாரத்தில் தரகு

செஞ்சி, திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்த கோட்டை நகரம். அதன் அண்மையில் உள்ள அனந்தபுரம் வேளாண்மை சார்ந்த சிற்றூர். இங்கு கைமாறும் சொத்துகளுள் அடுக்ககங்கள் அரிது. நஞ்சை, புஞ்சை நிலங்கள், ஊருக்குள் பழைய வீடுகள், சாலையோர மனைப்பிரிவுகள் ஆகியவையே மிகுதி. நிலத்தைச் சென்ட், ஏக்கர் கணக்கில் பேசுவர். முதியவர்கள் காணிக் கணக்கையும் (ஏறத்தாழ 1.32 ஏக்கர்) கையாளுவர். சென்னையிலிருந்து வருபவர் கிரவுண்டு (2,400 சதுர அடி) என்று கேட்கும்போது, ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று மாற்றிச் சொல்வதே தரகரின் முதல் வேலையாக இருக்கும்.

இத்தகைய ஊரில் தரகரின் உண்மையான முதலீடு அலுவலகம் அன்று, ஊரறிவே ஆகும். பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கிறதா, பாகப்பிரிவினை பதிவு செய்யப்பட்டதா, புலப்படத்தில் காட்டிய வழி நிலத்தில் உள்ளதா, கிணற்றில் யாருக்குப் பங்கு, ஏரி நீர்ப்பிடிப்புக்குள் வருகிறதா என்பவற்றை அவர் அறிந்திருக்க வேண்டும். வில்லங்கச் சான்றிதழ் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத வாய்மொழிப் பாகத்தையும் வெளியூரில் குடியிருக்கும் தங்கையின் உரிமையையும் காட்டாது. இவை ஊர்க்காரருக்குத் தெரியும். எந்த நிறுவனத்தின் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காத அறிவு இது.

செஞ்சிக்கே உரிய ஒரு செய்தியும் உண்டு. செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் பாதுகாப்பில் உள்ளது. தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற்றே கட்ட முடியும். கோட்டை மூன்று மலைகளைச் சுற்றிப் பரந்திருப்பதால், எந்த மனை எந்த எல்லைக்குள் வருகிறது என்பது எளிதில் புலப்படாது. 2025 சூலையில் செஞ்சிக் கோட்டை 'மராத்திய இராணுவ நிலக்காட்சிகள்' என்ற தொகுதியில் ஒன்றாக யுனெசுக்கோ உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. உலகப் புகழ் பெற்ற கோட்டைக்கு அருகில் மனை என்று விளம்பரம் செய்வது எளிது. அம்மனையில் வீடு கட்ட முடியுமா என்று சொல்வதே அரிது. திண்டிவனம் - திருவண்ணாமலை தொடருந்துப் பாதையும் இவ்வாறே 2000களிலிருந்து விளம்பரங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது; நிலத்தில் இன்னும் ஓடவில்லை.

ஒரு சொத்து, பல தரகர்

கிளையுரிம நிறுவனங்களின் நடைமுறை பெரும்பாலும் தனியுரிமை ஒப்பந்தத்தை விரும்புகிறது. அதாவது, உரிமையாளர் தம் சொத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தரகர் வழியாக மட்டுமே விற்க ஒப்புக்கொள்கிறார். தரகர் அதை நம்பி விளம்பரத்துக்குச் செலவு செய்கிறார்.

தமிழ்நாட்டின் சிற்றூர்களில் வழக்கம் வேறு. நிலத்தை விற்க எண்ணுபவர் தேநீர்க் கடையில் ஒருவரிடம் சொன்னால், மாலைக்குள் ஐந்து பேருக்குத் தெரிந்துவிடும். விற்பவர் பக்கத்தில் ஒருவர், வாங்குபவர் பக்கத்தில் ஒருவர், இடையில் செய்தியைக் கடத்திய இருவர் என்று தரகுத் தொகை நான்காகப் பிரிவதும் உண்டு. எழுத்தில் எதுவும் இராது. தரகு பொதுவாக விலையில் ஒரு பக்கத்துக்கு 1 முதல் 2 விழுக்காடு வரை பேசப்படுகிறது. பத்திரப் பதிவன்று கையில் வாங்காவிட்டால் பிறகு கிடைப்பது அரிது என்பது தரகர்களின் பொதுவான அனுபவம்.

இங்கு கிளையுரிமம் பெற்றவருக்கு இருபுறமும் நெருக்கடி ஏற்படுகிறது. உரிமையாளர் தனியுரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தயங்குகிறார். செய்தி கொண்டுவந்த இடைத்தரகருக்கோ உடனே பணமாகப் பங்கு கொடுக்க வேண்டும். நிறுவனமோ ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு கேட்கிறது. பற்றுச்சீட்டு கேட்பதில் தவறில்லை. வாங்குபவருக்கு அது நன்மையே. ஆனால் இடைத்தரகர் அடுத்த முறை செய்தியை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்.

மறுபுறம், தனித் தரகர்களிடையே உள்ள ஒரு பழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். உரிமையாளரிடம் ஒரு விலையைப் பேசி முடித்துவிட்டு, வாங்குபவரிடம் கூடுதல் விலை சொல்லி, வேறுபாட்டைத் தாமே வைத்துக்கொள்வர் சிலர். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் (1872) 216ஆம் பிரிவின்படி, முகவர் தம் முதல்வருக்குத் தெரியாமல் தம் சொந்தக் கணக்கில் வணிகம் செய்தால், அதனால் அடைந்த பயனை முதல்வர் கோரலாம். முறையான நிறுவனப் பெயர் ஒன்றுக்கு வெளியூர் வாங்குபவர் கூடுதல் மதிப்புத் தருவது இந்த அச்சத்தால்தான்.

வரவு செலவு

பின்வருவது விளக்கத்துக்காக அமைத்த கற்பனைக் கணக்கு. அனந்தபுரம் போன்ற ஊரில் ஒரு தரகர் ஆண்டுக்கு 12 சொத்துகளை முடித்து வைக்கிறார், சராசரி விலை 12 இலட்சம் ரூபாய், இருபக்கமும் சேர்த்துத் தரகு 2 விழுக்காடு எனக் கொள்வோம். ஒரு சொத்துக்கு 24,000 வீதம் ஆண்டு வரவு 2,88,000 ரூபாய். தனித்தொழிலில் கடை வாடகை 48,000, வண்டி, தொலைபேசிச் செலவு 36,000 போக 2,04,000 மிஞ்சும்.

அவரே கிளையுரிமம் பெற்றால், வரவில் 6 விழுக்காடு உரிமத்தொகை, 2 விழுக்காடு விளம்பர நிதி என 23,040 போகும். நிறுவனம் கேட்கும் அளவிலான அலுவலகத்துக்கு வாடகை 1,20,000. நுழைவுக் கட்டணம் 3 இலட்சத்தை ஐந்தாண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 60,000. வண்டி, தொலைபேசி 36,000. மிஞ்சுவது 48,960 மட்டுமே. பழைய வருமானத்தை எட்ட அவர் 12க்குப் பதிலாக ஏறத்தாழ 19 சொத்துகளை முடிக்க வேண்டும். உரிமத்தொகைக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. ஆண்டு வரவு 20 இலட்சத்துக்குக் குறைவாக இருப்பதால் வரிப்பதிவு செய்யாத சிறு தரகர் அதைத் திரும்பப் பெற முடியாது. அதையும் சேர்த்தால் எண்ணிக்கை 20ஐ நெருங்கும்.

பேச்சுவார்த்தையில் அனைவரும் 6 விழுக்காட்டைப் பற்றியே விவாதிப்பர். மேற்கண்ட கணக்கில் உண்மையான சுமை அதுவன்று. அலுவலக வாடகையும் நுழைவுக் கட்டணமும் ஆகும். அவை சொத்து விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுக்க வேண்டியவை. சென்னையில் 80 இலட்ச ரூபாய் அடுக்கக வீடு ஒன்றை முடித்தால் அதே 2 விழுக்காட்டில் 1,60,000 வரும். அங்கு ஓரிரு விற்பனைகளிலேயே இவ்விரு செலவுகளும் அடைபடும். சிற்றூரில் நகையை அடகு வைத்து நுழைவுக் கட்டணம் கட்டுபவர், மழை பொய்த்து நிலம் வாங்க ஆளில்லாத ஓர் ஆண்டைத் தாங்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கூடுதல் 7 அல்லது 8 சொத்துகள் எங்கிருந்து வரும் என்பதே இங்கு எழும் கேள்வி. ஊர்க்காரர் ஊர்க்காரருக்கு விற்கும்போது பெயர்ப்பலகையால் பயன் இல்லை. சென்னை, புதுச்சேரி, வளைகுடா நாடுகள் போன்ற இடங்களிலிருந்து முன்பின் அறியாதவர்கள் வாங்க வந்தால் மட்டுமே பெயர் உதவும். ஆகவே தம்மிடம் கடந்த மூன்றாண்டில் வாங்கியவர்களுள் வெளியூரார் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது, நிறுவனத்தின் விளக்கப் புத்தகத்தைப் படிப்பதைவிடப் பயனுள்ளது.

சட்ட நிலை

வீட்டுமனை (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம் 2016இல் இயற்றப்பட்டு, 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இதன் 9ஆம் பிரிவின்படி, பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் உள்ள மனையையோ வீட்டையோ விற்க உதவும் தரகர், மாநில ஆணையத்தில் தம்மைப் பதிவு செய்திருக்க வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து விலையில் 5 விழுக்காடு வரை தண்டம் விதிக்கப்படலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளுக்குத் திட்டப் பதிவு கட்டாயம். எனவே அனந்தபுரத்தில் ஒருவரது புஞ்சையை மற்றவருக்கு முடித்து வைக்கும் தரகருக்கு இப்பதிவு தேவைப்படாது. அதே தரகர் சாலையோர மனைப்பிரிவில் மனை விற்கத் தொடங்கினால் தேவைப்படும்.

கிளையுரிமம் பெற்றவர் சட்டத்தின் பார்வையில் தனி நபரோ தனி நிறுவனமோ ஆவார். பெயர் தந்த நிறுவனம் பதிவு பெற்றிருப்பது அவருக்குப் போதாது. தம் பெயரில் பதிவு செய்ய வேண்டும். தவறு நேர்ந்தால் ஆணையத்தின் முன் நிற்பவரும் அவரே.

தமிழ்நாட்டில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதன் பின் 2017 மே மாதம், 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளியாயின. இடைப்பட்ட மாதங்களில் மனை வணிகத்தை மட்டுமே நம்பியிருந்த தரகர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர். மாதாந்திரக் கடமைகள் குறைவாக இருந்தவர்களால் இத்தகைய இடைவெளியைக் கடப்பது எளிது.

புலம்பெயர் தமிழரிடையே

கனடாவின் டொராண்டோ பகுதியில், குறிப்பாக இசுக்கார்பரோ, மார்க்கம் ஆகிய இடங்களில் ஈழத் தமிழர் பலர் வீட்டுமனை முகவர்களாக உள்ளனர். ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி விற்பனை முகவர் எவரும் பதிவு பெற்ற ஒரு தரகு நிறுவனத்தின் கீழ் மட்டுமே பணியாற்ற முடியும். ஆகவே அங்கு பலர் பன்னாட்டுப் பெயர் கொண்ட கிளையுரிம அலுவலகங்களில் இணைந்துள்ளனர். எனினும் தமிழ் இதழ்களில் வரும் அவர்களது விளம்பரங்களில் நிறுவனச் சின்னம் ஓரத்திலும், முகவரின் படமும் தொலைபேசி எண்ணும் நடுவிலும் இருப்பதைக் காணலாம். வாடிக்கையாளர் தேடுவது எந்தப் பெயரை என்பது அவ்விளம்பரங்களிலேயே தெரிகிறது.

ஒப்பந்தக் கூறுகள்

இந்தியாவில் கிளையுரிமத்துக்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தச் சட்டமும் வணிகச் சின்னங்கள் சட்டமுமே (1999) முதன்மையாகப் பொருந்துகின்றன. எனவே ஒப்பந்தத்தில் எழுதியதே பெரும்பாலும் முடிவானது. எல்லைக் கூறு முக்கியமானது. செஞ்சி வட்டம் முழுவதும் ஒருவருக்கா, அல்லது திண்டிவனத்தில் உள்ள கிளையும் அனந்தபுரத்துக்கு வந்து விற்கலாமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் முடிந்த பிறகு இரண்டாண்டுக்கு அதே பகுதியில் தரகுத் தொழில் செய்யக்கூடாது என்ற கூறு சில ஒப்பந்தங்களில் காணப்படும். ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடுகளைச் செல்லாதவை என்கிறது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கான தடை பொதுவாகச் செல்லும் என்று குசராத் பாட்டிலிங் - கொக்கக் கோலா வழக்கில் (1995) உச்ச நீதிமன்றம் கூறியது. முடிந்த பின் விதிக்கும் தடை பொதுவாக நிலைப்பதில்லை. ஆயினும் பெயரையும் சின்னத்தையும் உடனே நீக்கியாக வேண்டும்.

அதைவிடச் சிக்கலானது தொலைபேசி எண். நிறுவனத்தின் பெயரில் வாங்கிய எண்ணை ஐந்தாண்டுகள் பெயர்ப்பலகையிலும் அறிவிப்புத் தாளிலும் அச்சிட்ட தரகர், விலகும்போது அந்த எண்ணை விட்டுவிட்டுப் போக நேரிடும். வாடிக்கையாளர் பட்டியல் நிறுவனத்தின் மென்பொருளில் இருந்தால் அதற்கும் இதே நிலைதான். எண்ணும் பட்டியலும் யாருக்கு உரியவை என்பதைக் கையெழுத்திடும் முன்பே ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ள இயலும். எண்ணைத் தரகர் தம் பெயரிலேயே வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு.