ஜீப்பும் ஷாக்கும் - கொஞ்சம் பழைய கதை

போடிப் பக்கம் ஏலத்தோட்டம் வச்சிருக்கிற நண்பன் ஒருத்தன் போன வாரம் கூப்பிட்டான். "டேய், ஜீப்புக்கு நாலு ஷாக்கும் மாத்தணும்டா. பக்கத்துல தனியா ஒரு குப்பி தொங்குமே, பாலைவன ரேஸ்ல போடறது, அதையே போட்டுரலாமா?"ன்னான். பழைய மஹிந்திரா ஜீப். முன்னாடியும் பின்னாடியும் பட்டா, அதாவது லீஃப் ஸ்பிரிங். ஏன் மாத்தணும்னு கேட்டா, "மூட்டை ஏத்தினா பின்பக்கம் உக்காந்துருது"ங்கறான். அவன் வாங்கின எஸ்டிமேட் தொகையைக் கேட்டு எனக்குத்தான் ஷாக் :-)

போன்ல அரைமணி நேரம் அவனுக்குச் சொன்னதை ஒழுங்கா எழுதி வைப்போமேன்னு இந்தப் பதிவு.

முதல்ல அந்தப் பேரே தப்பு. பள்ளத்துல விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கறது ஸ்பிரிங். வண்டி எடையைத் தாங்கறதும் ஸ்பிரிங்தான். வாங்கின ஸ்பிரிங் சும்மா இருக்குமா? மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்கறதுதான் ஷாக் அப்சார்பர். ஆங்கிலேயர்கள் இதை 'டாம்பர்'னு சொல்லுவாங்க, அதுதான் சரியான பேர். ஆட்டத்தை அடக்கினா அந்த சக்தி எங்கயாவது போயாகணும் இல்லையா, அது சூடா மாறுது. கரடுமுரடு ரோட்டுல ஓடிட்டு வந்த வண்டியோட ஷாக்கைத் தொட்டவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். கடந்த நூத்தி இருபது வருஷ ஷாக் அப்சார்பர் வரலாற்றைப் பெரும்பாலும் இந்தச் சூட்டோட நடந்த சண்டைன்னே சொல்லலாம்.

ஆரம்பத்துல எண்ணெயே கிடையாது. ட்ரூஃபோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர், கத்தரிக்கோல் மாதிரி ரெண்டு கை, நடுவுல உரசற தட்டுகள்னு ஒரு கருவி செஞ்சார். முதல்ல அது சைக்கிளுக்கு. எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் அதைக் காருக்குக் கொண்டு போனார். போல்ட்டை முறுக்கினா இறுக்கம், தளர்த்தினா மெத்துனு இருக்கும். ஆனா உரசல்ல ஒரு குறை உண்டு. சின்னக் கல்லுக்கும் பெரிய பள்ளத்துக்கும் அது ஒரே மாதிரிதான் எதிர்க்கும். எண்ணெயை சின்ன ஓட்டை வழியா தள்ளினா மெதுவா அசையும்போது சும்மா விடும், வேகமா அசைஞ்சா பலமா எதிர்க்கும். மாரிஸ் ஹூடாய் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் இந்த வழியில போனார். அவர் பேர்ல வந்த எண்ணெய் ஷாக்தான் 1927 கடைசியில வந்த ஃபோர்டு மாடல் ஏ காரில் இருந்தது. அப்புறம் கை வச்ச டப்பாக்கள் போய், இன்னிக்கு நாம பார்க்கிற நீளக் குழாய் வந்தது. (ஹாலந்தின் கோனி கம்பெனி 1857-ல குதிரைச் சேணம் செய்யத்தான் ஆரம்பிச்சாங்க. ஷாக் அப்சார்பருக்கு வந்தது 1932-ல. குதிரை போச்சு, குலுக்கல் போகல!)

இந்தக் குழாய் ஷாக் பெரும்பாலும் இரட்டைக் குழாய். உள்குழாய்ல பிஸ்டன் ஓடும், வெளிக்குழாய்ல மிச்ச எண்ணெயும் மேல கொஞ்சம் காத்தும் இருக்கும். சாதாரண ரோட்டுக்கு இது போதும். தகரக்கூரை மாதிரி நெளிநெளியா இருக்கிற மண்ரோட்டுல மணிக்கணக்கா வேகமா ஓட்டினா, எண்ணெய் சூடாகி நீர்த்துப் போகும், காத்தோட கலந்து நுரைக்கும். நுரையை ஓட்டை வழியா தள்ள என்ன பலம் வேணும்? அவ்வளவுதான், ஷாக் இருந்தும் இல்லாத மாதிரி. நின்னு ஆறவிட்டா திரும்ப வேலை செய்யும்.

இதுக்கு விடை கண்டவர் க்ரிஸ்தியான் பூர்சியே தெ கார்போன், இவரும் பிரெஞ்சுக்காரர்தான். 1950-களின் ஆரம்பத்துல அவர் கொண்டு வந்தது ஒற்றைக் குழாய். ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் அழுத்தி அடைச்ச நைட்ரஜன், நடுவுல ரெண்டையும் பிரிக்கிற ஒரு மிதக்கும் பிஸ்டன். காத்து எண்ணெயோட கலக்கவே முடியாது. மேல இன்னொரு குழாய் போர்த்தாததால சூடும் சீக்கிரம் வெளியேறிடும். ஜெர்மனியின் பில்ஸ்டீன் இந்த உரிமையை வாங்கி 1957-ல மெர்சிடிஸ் கார்களுக்குச் செய்ய ஆரம்பிச்சாங்க.

நண்பன் கேட்ட குப்பி ஷாக் பிறந்த இடத்துக்கு இப்ப வருவோம். மெக்சிகோவில பாஹா கலிஃபோர்னியான்னு நீளமா ஒரு தீபகற்பம். 1967-ல அங்க முதல் பந்தயம், டிஹுவானாவில கிளம்பி லா பாஸ் வரைக்கும், ஏறக்குறைய 1,350 கிலோமீட்டர். பெரும்பாலும் கல், மணல், முள்ளுச்செடி. ஜெயிச்சது ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அடித்தளத்துல செஞ்ச ஃபைபர் உடம்பு மேயர்ஸ் மேங்க்ஸ் பக்கி. 27 மணி 38 நிமிஷம் எடுத்துச்சு. அதுக்கு நாலு வருஷம் கழிச்சு, 1971-ல, இண்டியானாபோலிஸ் 500 ஜெயிச்ச பார்னெல்லி ஜோன்ஸ் 'பிக் ஓலி'ங்கற ஃபோர்டு பிராங்கோவில பாஹாவை ஜெயிச்சார். 1972-லயும் அவரேதான். அந்தக் காலத்துல அவங்க கண்ட வைத்தியம் என்ன தெரியுமா? ஒரு சக்கரத்துக்கு ரெண்டு, மூணு ஷாக்குன்னு வரிசையா மாட்டறது! சூட்டைப் பங்கு போட்டுக்கட்டும்னு. பின்னாடிதான் ஒரே ஷாக்கைப் பருமனாக்கி, எண்ணெய் அளவைக் கூட்டி, நைட்ரஜனைத் தனிக் குப்பிக்கு மாத்தினாங்க. பிஸ்டன் எந்த இடத்துல இருக்குங்கறதைப் பொறுத்து எதிர்ப்பை மாத்தற பைபாஸ் வழிகளும் வந்தது. 2010 மாடல் ஃபோர்டு ராப்டர்ல அந்த மாதிரி ஃபாக்ஸ் ஷாக்கோட ஷோரூம்லயே வண்டி வாங்கலாம்ங்கற நிலைமை வந்துச்சு.

ஆக அந்தக் குப்பி, மண்ணுல நூறு கிலோமீட்டருக்கு மேல வேகமா பல மணி நேரம் ஓட்டறவனுக்கு வர்ற சூட்டுக்கான பதில். போடிமெட்டுக்கு மேல தோட்டப் பாதையில முதல் கியர்ல ஊர்ற ஜீப்புக்கு அந்தச் சூடு எங்கேர்ந்து வரும்?

இன்னொரு விஷயம் பட்டா. ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கின இலைகள் வளையும்போது உரசுமே, அந்த உரசலே பாதி ஷாக் வேலையைப் பார்த்துடும். ட்ரூஃபோவோட தட்டுகள் மாதிரிதான். சுருள் ஸ்பிரிங்குக்கு அந்த உரசல் கிடையாது, மொத்த பாரமும் ஷாக் தலையில. 1970-ல ரேஞ்ச் ரோவர் நாலு சக்கரத்துக்கும் சுருள் போட்டுச்சு. நம்மூர் தார் 2010-ல வந்தப்ப பின்னாடி பட்டாதான், 2020-ல வந்ததுதான் நாலு பக்கமும் சுருள். சுருள் வண்டிக்காரர் சொல்ற யோசனையைப் பட்டா வண்டிக்கு அப்படியே எடுத்தா சரிவராது. பட்டா வண்டியில ரொம்ப கெட்டி ஷாக்கைப் போட்டா, கீழே இறங்க வேண்டிய சக்கரம் லேட்டா இறங்கும். அடுத்த கல் வர்றதுக்குள்ள தரையைப் பிடிக்காது. மலைப்பாதை வளைவுல, பின்னாடி ஆள் உக்காந்திருக்கும்போது இது விளையாட்டு இல்ல. (எத்தனை பேரை ஏத்தறேன்னு நான் கேக்கல, அவனும் சொல்லல.)

ஒற்றைக் குழாய்னா உசத்திங்கறதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கல் தெறிச்சு அடிச்சு அந்தக் குழாய் உள்ள ஒடுங்கினா பிஸ்டன் சிக்கிக்கும், கதை முடிஞ்சது. இரட்டைக் குழாய்ல வெளிக்குழாய் கொஞ்சம் நசுங்கினாலும் உள்ள ஓட்டம் நடக்கும். ஆனா அதைத் தலைகீழா மாட்டக்கூடாது, மாட்டறதுக்கு முன்னாடி நிமிர்த்தி வச்சு நாலஞ்சு தடவை அமுக்கி இழுத்து உள்ள இருக்கிற காத்தை வெளியேத்தணும். என் ஓட்டு இந்த ஜீப்புக்கு நல்ல இரட்டைக் குழாய்தான்.

பிராண்டைவிட முக்கியம் நீளம். பட்டா முழுசா அமுங்கி பம்ப் ஸ்டாப்ல முட்டும்போது ஒரு அளவு, சக்கரம் முழுசா தொங்கும்போது ஒரு அளவு. மூடின ஷாக் முதல் அளவைவிட நீளமா இருந்தா உள்ளயே இடிச்சு மவுண்ட்டை உடைக்கும். விரிச்ச நீளம் ரெண்டாவது அளவுக்கு எட்டலைன்னா அச்சோட மொத்த எடையும் ஷாக் ராடுல தொங்கும்.

இதெல்லாம் சொல்லிட்டு, "மூட்டை ஏத்தினா உக்காருதுன்னியே, அதுக்கு ஷாக் என்னடா பண்ணும்? பட்டாவை ஒரு தடவை பாரு"ன்னேன். நேத்து சாயங்காலம் திரும்ப போன். வலது பின்பக்கம் நடு இலை உடைஞ்சிருக்கு, ரப்பர் புஷ்ஷும் மாவாயிடுச்சாம். பழைய ஷாக்ல ரெண்டு மட்டும்தான் எண்ணெய் கசியுதாம். பட்டா செட் கட்டக் கொடுத்துட்டான், பின்பக்கத்துக்கு மட்டும் ஜோடியா புது ஷாக் சொல்லியிருக்கான்.

"அந்தக் குப்பி பார்க்க அழகாத்தான்டா இருக்கு"ன்னு போனை வைக்கும்போது ஒரு பெருமூச்சு வேற.