தளபாடமும் சமுதாயமும்

புதிதாக வீடு கட்டியவரும், மணமுடித்துத் தனிக்குடித்தனம் புகுந்தவரும் முதலில் எதிர்நோக்கும் கேள்வி, கையிலுள்ள சிறுதொகையைக் கொண்டு வீட்டிற்கு வேண்டிய பொருள்களை எவ்வாறு வாங்குவது என்பதாகும். கட்டில் முதலா, மேசை முதலா, கதிரைகள் நான்கு போதுமா, ஆறு வேண்டுமா என்று கணவனும் மனைவியும் கணக்குப் பார்க்கின்றனர். இக்கணக்கை நாம் பொதுவாக அவரவர் சிக்கனத்தையும் இரசனையையும் பொறுத்த சொந்த விவகாரமாகவே கொள்கிறோம். ஆனால், நல்ல மரத்தாற் செய்த உறுதியான கதிரை ஏன் சாதாரண மனிதனுக்கு எட்டாத விலையில் இருக்கிறது, எட்டும் விலையிலுள்ள கதிரை ஏன் சில ஆண்டுகளில் ஆட்டங்காணுகிறது என்று கேட்கத் தொடங்கினால், விவகாரம் வீட்டு வாசலைத் தாண்டிச் சமுதாயத்தின் பொருளாதார அமைப்பை எட்டிவிடுகிறது. இங்கிலாந்தின் வரலாற்றில் இக்கேள்விக்கு விடை காண எடுக்கப்பட்ட சில முயற்சிகளை இக்கண்ணோட்டத்தில் ஆராய்வது பயனுடையதாகும்.

வில்லியம் மொறிஸ் 1859இல் மணமுடித்து, அடுத்த ஆண்டில் இலண்டனுக்கு அண்மையிலே கட்டுவித்த புதுவீட்டிற் குடிபுகுந்தார். செங்கல்லாற் கட்டப்பட்டமையின் அது செவ்வீடு எனப் பெயர் பெற்றது. அவ்வீட்டிற்குப் பொருந்தும் தளபாடம் எதுவும் கடைகளில் அவருக்குக் கிடைக்கவில்லை. இயந்திர உற்பத்தி மலிந்த அக்காலத்திலே பொருள்கள் பகட்டான அலங்காரத்தாற் குறைகளை மறைத்து நின்றன. எனவே அவரும் நண்பர்களும் தாமே தளபாடங்களைச் செய்தும் வண்ணந்தீட்டியும் வீட்டை நிரப்பினர். அம்முயற்சியிலிருந்தே 1861இல் அவர்களுடைய நிறுவனம் தோன்றியது. உழைப்பவன் மகிழ்ச்சியோடு செய்யும் பொருளே அழகுடையது என்பது மொறிஸின் கொள்கை. ஆயின் அவ்வாறு கையாற் செய்த பொருளின் விலையைக் கொடுக்கவல்லவர் செல்வந்தர் மட்டுமே. கோரைப்புல் வேய்ந்த எளிய கதிரைகளையும் அந்நிறுவனம் விற்றதுண்டு. எனினும் அதன் பெரும்பணிகள் மாளிகைகளையே அலங்கரித்தன. இம்முரண்பாடு மொறிஸின் உள்ளத்தை உறுத்தியது. சமுதாயத்தை மாற்றாமல் கலையை மக்களுக்கு உரியதாக்க முடியாது என உணர்ந்த அவர், 1883இற் சோசலிச இயக்கத்திற் சேர்ந்தார்.

சாதாரண மக்களுக்கு வழி காட்டியது கலைஞனல்லன், வியாபாரியே. இரண்டு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலே தொழிலாளர் குடும்பங்கள் வாடகைக் கொள்வனவு முறையிலே தளபாடம் வாங்கின. சிறுதொகையை முன்கூட்டிச் செலுத்தி, எஞ்சியதை வாரந்தோறும் கட்டுவது அம்முறை. வேலையிழந்த குடும்பம் இரண்டொரு தவணை தவறினால், விலையின் பெரும்பகுதி செலுத்தப்பட்டிருந்தபோதிலும் வியாபாரியின் ஆட்கள் வந்து பொருளைத் தூக்கிச் சென்றனர். அதே பொருள் மீண்டும் ஒருமுறை விலைபோனது. வேலையில்லாதோரின் புகழ்பெற்ற 1936ஆம் ஆண்டு ஜறோ நடைப்பயணத்தில் முன்னின்ற பாராளுமன்ற உறுப்பினர் எலன் வில்கின்சன், இக்கொடுமைக்கெதிராகக் கொணர்ந்த மசோதா 1938இற் சட்டமாயிற்று. விலையில் மூன்றிலொரு பங்கு செலுத்தப்பட்டபின் நீதிமன்றக் கட்டளையின்றிப் பொருளைப் பறிக்கலாகாது என அது விதித்தது. பறிப்பு தடைப்பட்டது, பொருளின் தரமோ அவ்வாறே இருந்தது.

போர் நிலைமையை மாற்றிற்று. பிரித்தானியா தனக்கு வேண்டிய மரத்தின் பெரும்பகுதியைக் கடல்வழியாகவே பெற்றுவந்தது. ஜேர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களைத் தாக்கவே மரம் அருமையாயிற்று. தளபாடத் தச்சர் பலர் மொஸ்கிற்றோ என்னும் மரவிமானத்தைச் செய்யும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். ஒட்டுப்பலகையும் அவ்வழியே சென்றது. மறுபுறத்தில், குண்டுவீச்சினால் வீட்டையும் வீட்டிலிருந்த அனைத்தையும் இழந்தோர் பெருகினர். போர்க்காலத்தில் மணமுடித்தோரும் வெறும் அறைகளோடு வாழ்வைத் தொடங்க வேண்டியிருந்தது. சந்தையின் போக்கில் விட்டிருந்தால், இருந்த சிறிதளவு மரமும் பணம் படைத்தவர் வீட்டையே அடைந்திருக்கும்.

அவ்வேளையில் வர்த்தக சபையின் தலைவராயிருந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த பொருளியலறிஞர் ஹியூ டோல்ற்றன். அவர் 1942இல் ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தார். மொறிஸின் கைப்பணி மரபிலே வளர்ந்த தளபாட வல்லுநர் கோர்டன் றசலும், தொழிலாளர் வீடமைப்பு ஆய்வாளர் எலிசபெத் டென்பியும் அதில் இடம்பெற்றனர். உறுதியான அமைப்பு, எளிமையான தோற்றம், நியாயமான விலை, மரத்திலும் உழைப்பிலும் சிக்கனம் என்பனவே குழுவின் இலக்குகள். தெரிவு செய்யப்பட்ட வடிவங்களை வரைந்தவர்கள், கதிரைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஹை விக்கம் நகரத்துத் தொழில்சார் வடிவமைப்பாளரான எட்வின் கிளின்ச், கட்லர் என்னும் இருவராவர். சட்டங்களுக்கு ஓக் அல்லது மகோகனி மரமும், நடுப்பகுதிகளுக்கு மரநாரை அழுத்திச் செய்த பலகையும் பயன்பட்டன. மூட்டுகள் ஆணியை மட்டும் நம்பாமல், கழுந்தைத் துளையிற் செருகும் பழைய முறையிலே அமைந்தன. செதுக்கு வேலையோ வீண் வளைவோ இல்லை. இவற்றின் விவரப்பட்டியல் 1943 ஜனவரியில் வெளிவந்தது. இவையே பயன்பாட்டுத் தளபாடங்கள் எனப்பட்டன.

பொருளைச் செய்த முறையிலும் சிறப்புடையது பகிர்ந்த முறையேயாகும். விலையை அரசு வரையறுத்தது. கொள்வனவு வரி நீக்கப்பட்டது. வாங்கும் உரிமை பணத்தாலன்றித் தேவையால் நிர்ணயிக்கப்பட்டது. குண்டுவீச்சிற் பொருளிழந்தோருக்கும் புதுமணத் தம்பதியருக்குமே அனுமதிச்சீட்டு வழங்கப்பட்டது. ஒரு தம்பதிக்குத் தொடக்கத்தில் 60 அலகுகள் கிடைத்தன. பின்னர் அது 30 ஆகக் குறைந்தது. உணவு மேசைக் கதிரை ஒன்றிற்கு ஓர் அலகு; உடை அலுமாரி போன்ற பெரும்பொருள்களுக்குப் பல அலகுகள். பிரபுவின் மகளும் சுரங்கத் தொழிலாளியின் மகளும் ஒரே பட்டியலைப் பார்த்து, ஒரே அலகுக் கணக்கைப் போட வேண்டியிருந்தது. அதே போரின்போது இலங்கையில் அரிசிக்குக் கூப்பனும் கூட்டுறவுக் கடையும் வந்ததை முதியோர் சொல்லக் கேட்டவர்களுக்கு, இதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

கதிரையுறைத் துணிகளிலும் இதே சிந்தனை தொழிற்பட்டது. அவற்றை வடிவமைத்த எனிட் மார்க்ஸிற்கு இருந்தவை மிகச் சில நூல்வகைகளும் நிறங்களுமே. பெரிய கோலங்களைப் பொருத்தி வெட்டும்போது துணி வீணாகும். எனவே அவர் சிறிய கோலங்களைத் திரும்பத் திரும்ப வருமாறு அமைத்தார். பற்றாக்குறையே அழகின் இலக்கணத்தை வகுத்தது எனலாம்.

எனினும் இம்முயற்சியின் குறையையும் நாம் மறைத்தல் தகாது. பொருள்களின் உறுதியை மெச்சியவர் பலர். அவற்றின் வெறுமையை விரும்பாதவரும் பலர். செதுக்கு வேலையும் மினுக்கும் கொண்ட அலுமாரி, தொழிலாளியின் மனைவிக்கு வெறும் பகட்டன்று. வறுமையிலிருந்து ஒருபடி ஏறிவிட்டோம் என்பதற்கான சான்று. அதனைத் தாழ்ந்த இரசனை என ஒதுக்கிய வல்லுநர்கள், மக்களுக்கு நல்லது எதுவெனத் தாமே தீர்மானித்தனர். மக்களுக்காகச் செய்தனர், மக்களோடு சேர்ந்து செய்யவில்லை. போர்க்கால நெருக்கடியில் மக்கள் அதனைப் பொறுத்துக்கொண்டனர். போர் முடிந்தபின் அதே எளிமை அவர்களுக்குப் பஞ்சத்தின் முத்திரையாகவே தோன்றியது.

உற்பத்தியாளர் இவ்வெறுப்பைப் பயன்படுத்திக்கொண்டனர். 1948இற் பங்கீடு நீங்கியது. விரும்பிய வடிவிற் செய்யும் சுதந்திரமும் அவர்களுக்குக் கிடைத்தது. உள்நாட்டுப் பயன்பாட்டுப் பொருளுக்கு மட்டும் வரிவிலக்களிப்பது இறக்குமதிப் பொருளுக்குப் பாதகமானது என்ற ஆட்சேபமும் எழுந்தது. 1951இல் ஆட்சி பழைமைவாதிகள் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டிலே திட்டம் முடிவுக்கு வந்தது. தெரிவுச் சுதந்திரம் திரும்பிவிட்டது எனப்பட்டது. அச்சுதந்திரம் விலை கொடுக்க வல்லவனுக்கு உரியது என்பது பேசப்படவில்லை.

அன்று செய்த மேசைகளும் அலுமாரிகளும் பல பத்தாண்டுகள் உழைத்தன. அவற்றைத் தேடிச் சேகரிப்போரும் இன்று உளர். வாழ்வைத் தொடங்கும் ஏழைத் தம்பதிக்கென்று செய்த கதிரை, சேகரிப்போர் விலைபேசும் பொருளாகியிருக்கிறது. மொறிஸின் கதிரைக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது.

இவ்வரலாறு நமக்குக் கூறுவன இரண்டு. சிறுவருவாயுடைய குடும்பத்தின் வீட்டிலும் நல்ல பொருள் இருத்தல் கூடும். அதற்குத் தடையாயிருப்பது மரமோ கைத்திறனோ அன்று, இலாபத்தின் பொருட்டு மட்டும் நிகழும் உற்பத்தியே. இஃது ஒன்று. அத்தடையை நீக்க முற்படுவோர், எவருக்காகப் பொருளைச் செய்கின்றனரோ அவருடைய விருப்பையும் கேட்டறிதல் வேண்டும். கேளாதுவிடின், வியாபாரி அதனைக் கேட்டறிந்து தன் பக்கம் இழுத்துக்கொள்வான். இஃது மற்றொன்று. சமத்துவத்தை விரும்பும் நாம் முதலாவதைப் பலமுறை பேசியிருக்கிறோம். இரண்டாவதைப் போதிய அளவு சிந்தித்திருக்கிறோமா என்பதை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.