விரல் வேகமும் கணினிக் கல்வியும்: சிவகாசி வட்டாரத் தொடக்கப் பள்ளிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

தொடக்கப் பள்ளியில் கணினிக் கல்வி என்றால் மவுஸ் பிடிப்பதும் வேகமாகத் தட்டச்சு செய்வதும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். விருதுநகர் மாவட்டத்தில், குறிப்பாகச் சிவகாசி வட்டாரத்தில், இந்த எண்ணத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் விரல் வேகத்துக்கு இங்கே ஒரு கசப்பான வரலாறு உண்டு. ஐந்தாம் வகுப்பு வரையில் முறைப்படுத்திச் சிந்திக்கும் பழக்கமே முதலில் வர வேண்டும். அதற்கான பாடப்பொருள் உள்ளூர்த் தொழில்களிலேயே கிடைக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. வரலாற்றுப் பின்புலம்

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பின்னர் பட்டாசும், லேபிள் தேவையை ஒட்டி அச்சகங்களும் பெருகின. குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பிஞ்சு விரல்களே தோது என்ற வாதம் நெடுங்காலம் செல்லுபடியானது. எம்.சி. மேத்தா வழக்கில் 10.12.1996 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஆபத்தான தொழில்களில் தடையை 18 வயது வரை நீட்டியது. ஆலையிலிருந்து மீண்ட விரல்களுக்கு வகுப்பறையிலும் வேகத்தையே இலக்காக வைப்பது முறையாகாது.

3. இன்றைய கட்டமைப்பு

2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள் திட்டமிடப்பட்டன. இவை பயனுள்ளவையே. ஆனால் திரை ஆசிரியர் கையில் இருக்கும்வரை மாணவர் பார்வையாளரே. பார்ப்பவரைச் செய்பவராக்குவது பாடமுறையின் வேலை.

4. பாடமுறை

4.1 விசைப்பலகை

1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கமும் உள்ளன. அ, இ, உ, எ நடு வரிசையில் நிற்க, அவற்றின் நெடில்கள் நேர் மேலே அமைகின்றன. ‘சங்குசக்கரம்’ என்று எழுதச் சொல்லலாம். ங-வை அடுத்துக் க-வை அழுத்தினால் ங தானே புள்ளி பெறும்; க-வை இருமுறை அழுத்தினால் முதல் க புள்ளி பெறும். கடைசி ம்-க்கு மட்டும் புள்ளியைத் தனியே இட வேண்டும். இன எழுத்தையும் ஒற்று இரட்டிப்பையும் பிள்ளை இலக்கண வகுப்புக்கு முன்பே விரலால் உணர்ந்துவிடுகிறது. வேகத்துக்கு இங்கே மதிப்பெண் இல்லை. ஏன் புள்ளி வந்தது என்று சொல்வதற்கே மதிப்பெண்.

4.2 படமும் புள்ளியும்

சிவகாசிக் காலண்டர் தாளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் படம் மறைந்து சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளே தெரியும். திரையிலோ சிவப்பு, பச்சை, நீலம். இதைக் காட்டிவிட்டு, கழிவுத் தாளின் பின்புறம் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு 1 என்றால் கறுப்பு, 0 என்றால் வெள்ளை என விதி வகுக்கலாம். ஒரு பிள்ளை எண்களை வாசிக்க, மற்றொன்று கட்டங்களை நிரப்பும். இடையில் ஓர் எண் விட்டுப்போனால் அதன்பின் வரும் கட்டங்களெல்லாம் தள்ளிப்போகும். எந்த இடத்தில் பிசகியது என்று இருவரும் தேடுவதே பாடத்தின் உயிர்நிலை.

4.3 கட்டளை வரிசை

2014-இல் வெளிவந்த ஸ்கிராட்ச் ஜூனியர், ஐந்து முதல் ஏழு வயதினருக்கானது. படக்கட்டைகளைக் கோத்தே கட்டளை தருவதால் வாசிக்கத் தடுமாறும் பிள்ளையும் பங்கேற்கலாம். நான்கு பேருக்கு ஒரு டேப்லெட் போதும். ஒருவர் கோக்க, மற்றவர் அடுத்து நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

5. முடிவுரை

முதலிரு வகுப்புகளில் தாளும் கட்டமும், மூன்றாம் வகுப்பில் படக்கட்டளை, நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் தமிழ்த் தட்டச்சு என்ற வரிசை இப்பள்ளிகளுக்குப் பொருந்தும். தாள் பயிற்சிகளுக்கு மின்சாரமோ இணையமோ தேவையில்லை என்பதால் ஓராசிரியர் பள்ளியும் இன்றே தொடங்கலாம். எத்தனை சொற்களை எவ்வளவு விரைவில் அடித்தார் என்பதற்குப் பதிலாக, தவறிய படியைத் தானே கண்டுபிடித்துத் திருத்தினாரா என்பதையே மதிப்பீட்டின் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.